உயர்திறன் திருகொளியை மாதிரியாக்கும் முனைவர் பட்ட ஆய்விடம்: உண்மையில் என்ன வேலை, எதைப் படித்துவிட்டு விண்ணப்பிப்பது?

கேள்வி இது: "எம்.எஸ்சி. இயற்பியல் இறுதியாண்டு படிக்கிறேன். பிரிட்டனில் 'உயர்திறன் கட்டமைத்த லேசர் ஒளியின் மாதிரியாக்கம்' என்று ஒரு முனைவர் பட்ட ஆய்விடம் பார்த்தேன். பிளாஸ்மா, சூப்பர் கம்ப்யூட்டர் என்றெல்லாம் போட்டிருக்கிறது. நாள்தோறும் என்ன வேலை இருக்கும்? பைத்தான் ஓரளவு தெரியும். விண்ணப்பிக்கும் முன் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?"

சுருக்கமாகச் சொன்னால், ஒரு மின்காந்தப் புலத்தின் வடிவத்தை நிரலுக்குள் கொடுப்பீர்கள். அது பிளாஸ்மாவுக்குள் (எலக்ட்ரான்களும் அயனிகளும் பிரிந்து நிற்கும் வாயு) நுழைந்ததும் என்ன நடக்கிறது என்று பார்ப்பீர்கள். ஓட்டிப் பார்ப்பது சிறு பகுதிதான். திரையில் கண்ட விளைவு இயற்பியலில் உள்ளதா, வெளியைச் சிறு கண்களாகப் பிரிக்கும் கணக்கீட்டு வலை கிளப்பிவிட்டதா என்று பிரித்தறிவதில்தான் மூன்றரை, நான்கு ஆண்டுகளில் பெரும்பகுதி போகும். திருகிய ஒளியைப் பொறுத்தவரை அதற்கு ஒரு நல்ல கருவி கையில் இருக்கிறது: கோண உந்தத்தின் வரவு செலவுக் கணக்கு. இந்தக் கணக்கை ஒழுங்காகப் போடத் தெரிந்தவர் இந்தத் துறையில் நிலைத்துவிடுவார். அதனால் இந்தப் பதிலில் பாதிக்கு மேல் அதைச் சுற்றியே இருக்கும்.

முதலில் ஒளி. சாதாரண லேசர் கற்றையின் நடுவில் செறிவு உச்சம். குவியத்தில் அலைமுகம் தட்டை. வீச்சு, கட்டம், தளவிளைவு ஆகியவற்றில் ஒன்றையோ பலவற்றையோ இடத்துக்கு இடம் வேண்டுமென்றே மாற்றி அமைத்தால் அது கட்டமைத்த ஒளி. அதில் அதிகம் ஆராயப்படுவது லகேர்–காஸ் கற்றை; திருகொளி என்று இங்கே சொல்வது இதைத்தான். அச்சைச் சுற்றி ஒரு முறை வந்தால் அதன் கட்டம் 360 பாகையின் முழு எண் மடங்கு மாறும். அந்த முழு எண்ணை 'எல்' என்பார்கள். அச்சின் மேல் கட்டத்துக்கு ஒரு மதிப்பு இருக்க முடியாது என்பதால் அங்கே செறிவு சுழியாகி, கற்றை வளையமாகத் தெரியும். இப்படிப்பட்ட கற்றையில் ஒவ்வொரு ஃபோட்டானும் எல் மடங்கு குறைத்த பிளாங்க் மாறிலி அளவுக்குச் சுற்றுப்பாதைக் கோண உந்தம் சுமக்கிறது என்று 1992-இல் நெதர்லாந்தின் லைடனில் ஆலன், பெயர்ஸ்பெர்கன், ஸ்ப்ரூ, வூர்ட்மன் ஆகிய நால்வரும் காட்டினார்கள். வட்டத் தளவிளைவு தரும் தற்சுழற்சிக் கோண உந்தம் வேறு. அது ஃபோட்டானுக்கு ஒரு அலகுக்கு மேல் போகாது. எல்-க்கு அப்படி மேல்வரம்பு இல்லை.

உயர்திறன் என்றால் எவ்வளவு? 1985-இல் ஸ்ட்ரிக்லாண்ட், மூரு இருவரும் கொண்டுவந்த துடிப்பை நீட்டிப் பெருக்கிச் சுருக்கும் முறைக்குப் பிறகு (2018 நோபல் பரிசில் ஒரு பங்கு இதற்கு) மேசை அளவுக் கருவிகளே டெராவாட்டைத் தொட்டன. இன்று ருமேனியாவின் மகுரேலேயில் உள்ள ஈ.எல்.ஐ. மையத்தில் 10 பெட்டாவாட் லேசர் ஓடுகிறது. இடைத்தரமான ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 800 நானோமீட்டர் அலைநீளம், 25 ஃபெம்டோவினாடி, சுமார் 5 ஜூல், அதாவது ஏறத்தாழ 200 டெராவாட். இடுப்பு ஆரம் (குவியத்தில் கற்றையின் ஆரம்) 10 மைக்ரோமீட்டராகக் குவித்தால் காஸியன் கற்றையின், அதாவது மேலே சொன்ன சாதாரணக் கற்றையின், உச்சச் செறிவு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 1.3 × 10²⁰ வாட். எலக்ட்ரான் எந்த அளவுக்குச் சார்பியல் வேகத்தில் ஆடும் என்று சொல்லும் பரிமாணமற்ற எண் ஒன்று உண்டு, 'ஏ-நாட்' என்பார்கள். இங்கே அது 7.7. அது 1-ஐத் தொடுவதற்கு 800 நானோமீட்டரில் 2.1 × 10¹⁸ வாட் போதும்.

அதே திறனையும் அதே இடுப்பு ஆரத்தையும் வைத்து எல் = 1 கற்றையாக்கினால் செறிவு வளையத்தில் பரவிவிடும். உச்சம் காஸியனின் 37 சதவீதம்தான், ஏ-நாட் 4.7-க்கு இறங்கும். எல் = 2 என்றால் உச்சம் 27 சதவீதம். ஆகவே 'திருகொளி காஸியனைவிட இப்படி நடந்துகொண்டது' என்று ஒரு ஒப்பீட்டைப் படிக்கும்போதெல்லாம் முதலில் கேட்க வேண்டியது: எதைச் சமமாக வைத்து ஒப்பிட்டார்கள், திறனையா, உச்சச் செறிவையா? சொல்லாமல் விட்டிருந்தால் அந்த ஒப்பீட்டை நம்ப வேண்டாம்.

இந்த ஒளியைப் பிளாஸ்மாவுக்குள் விடுவதால் என்ன கிடைக்கும்? வளையக் கற்றை பிளாஸ்மாவில் வளையமான பின்னலையை (படகுக்குப் பின்னால் எழுவது போன்ற அலை) எழுப்பும். அதன் நடுவில் பாசிட்ரான்களைக் குவித்து முடுக்கலாம் என்று 2014-இல் லிஸ்பனிலிருந்து வந்த ஆய்வு காட்டியது. தூண்டிய ராமன் சிதறலைக் கொண்டு பிளாஸ்மாவுக்குள்ளேயே திருகொளியைப் பெருக்கலாம், புதிதாக உண்டாக்கவும் செய்யலாம் என்று 2016-இல் இன்னொரு ஆய்வு. உயர் இசைவுகளில் (லேசர் அதிர்வெண்ணின் முழு எண் மடங்குகளில் வரும் ஒளி) என்-ஆவது இசைவு, என் மடங்கு எல் சுமக்கும். இவற்றோடு, பிளாஸ்மா சுழலத் தொடங்கினால் அச்சின் திசையில் காந்தப்புலம் எழும். கடைசியாகச் சொன்னதில்தான் சிக்கலான கேள்வி ஒளிந்திருக்கிறது: ஒளியின் கோண உந்தம் பிளாஸ்மாவுக்கு எப்போது கைமாறுகிறது? இதில் பலர் சறுக்குவதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

மொத்தக் கோண உந்தம் என்பது எல் மடங்கு ஆற்றலைக் கோண அதிர்வெண்ணால் வகுத்தது. நம் 5 ஜூல் துடிப்புக்கு எல் = 1 என்றால் 2.1 × 10⁻¹⁵ ஜூல்-வினாடி. ஆற்றல் குறைந்தால் அதே விகிதத்தில் கோண உந்தமும் பிளாஸ்மாவுக்குப் போயிருக்கும் என்று தோன்றும். அப்படி இல்லை. பின்னலையை எழுப்பும்போது லேசர் ஆற்றலை இழப்பது பெரும்பாலும் ஃபோட்டான்களின் அதிர்வெண் குறைவதால். ஃபோட்டான்களின் எண்ணிக்கை மாறுவதில்லை. பிளாஸ்மா அச்சைச் சுற்றிச் சமச்சீராக இருந்தால் ஒவ்வொரு ஃபோட்டானும் தன் எல்-ஐ அப்படியே வைத்திருக்கும். எண்ணிக்கையும் எல்-உம் மாறாதபோது மொத்தக் கோண உந்தமும் மாறாது. ஆற்றலில் 30 சதவீதம் பிளாஸ்மாவுக்குப் போனாலும் கோண உந்தம் ஏறக்குறைய ஒன்றுமே போகாமல் இருக்கலாம். ஃபோட்டான்கள் உண்மையிலேயே உறிஞ்சப்பட வேண்டும் (மோதல், அயனியாக்கம், எலக்ட்ரான் நேரடியாக முடுக்கப்பட்டுப் புலத்தோடு ஒத்திசைவை இழப்பது, கதிர்வீச்சு எதிர்வினை), அல்லது வேறு எல் உள்ள இன்னொரு அலைக்குள் சிதற வேண்டும். அப்போதுதான் கைமாற்றம் நடக்கும். 'பிளாஸ்மா சுழல்கிறது' என்று சிமுலேஷன் காட்டினால், இவற்றில் எந்த வழியாக வந்தது என்று சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடியவில்லை என்றால் சந்தேகம் முதலில் வலையின் மேல் விழ வேண்டும்.

இனி வலை. இந்த வேலையின் முதுகெலும்பு பி.ஐ.சி. (பார்ட்டிகிள்-இன்-செல்) என்று சுருக்கிச் சொல்லப்படும் முறை: மின், காந்தப் புலங்கள் வலைக்கண்களில் இருக்கும், பிளாஸ்மாவைக் கோடிக்கணக்கான பெருந்துகள்களாக (ஒவ்வொன்றும் பல உண்மைத் துகள்களுக்குப் பதிலாக நிற்கும்) வைத்து ஒவ்வொரு நேரப்படியிலும் நகர்த்துவார்கள். பிரிட்டனில் எபோக், பிரான்சில் ஸ்மைலி, லிஸ்பனும் லாஸ் ஏஞ்சலஸும் சேர்ந்து வளர்த்த ஒசைரிஸ், பெர்க்லியின் வார்ப்எக்ஸ், டிரெஸ்டனின் பிஐசி-ஆன்-ஜிபியு ஆகியவை புழக்கத்தில் உள்ளவை. நீங்கள் புதிதாக ஒரு நிரல் எழுத வேண்டியிருக்காது. இருப்பதில் லேசர் வடிவங்களையும் அளவீடுகளையும் சேர்ப்பீர்கள். அதற்கு சி++ அல்லது ஃபோர்ட்ரான் வாசிக்கத் தெரிய வேண்டும்; பைத்தான் மட்டும் போதாது.

முதல் பொறி இரு பரிமாணச் சிமுலேஷன். சாதாரண லேசர்–பிளாஸ்மா ஆய்வில் செலவு குறைக்க இரு பரிமாணத்தில் ஓட்டிப் பார்ப்பது வழக்கம். திருகொளிக்கு அது உதவாது. எல் = 1 கற்றையை ஒரு தளத்தில் வெட்டினால் எதிரெதிர்க் கட்டத்தில் இரண்டு புடைப்புகள் கிடைக்கும்; அச்சைச் சுற்ற இடமே இல்லாததால் கோண உந்தம் சுழி. ஆகவே முப்பரிமாணம்தான். அதன் விலையைப் பாருங்கள். குறுக்கே 60 × 60 மைக்ரோமீட்டர், நீளவாட்டில் 40 மைக்ரோமீட்டர் பெட்டி. நீளவாட்டில் அலைநீளத்துக்கு 32 கண் (25 நானோமீட்டர்), குறுக்கே 100 நானோமீட்டர். மொத்தம் 57.6 கோடி கண்கள். கண்ணுக்கு 8 எலக்ட்ரான் வைத்தால் 460 கோடி துகள். ஒவ்வொன்றுக்கும் இடம் மூன்று, உந்தம் மூன்று, எடை ஒன்று என ஏழு இரட்டைத் துல்லிய எண்கள். துகள்களுக்கு மட்டும் 258 கிகாபைட், புலங்களுக்கு இன்னொரு 40. நேரப்படி 79 அட்டோவினாடிக்கு மேல் போக முடியாது; 1 மில்லிமீட்டர் பயணத்துக்கு 42,000 படிகளுக்கு மேல். ஒரு கோர் வினாடிக்கு 20 லட்சம் துகள்களை நகர்த்தும் என்று வைத்துக்கொண்டால் ஒரே ஓட்டத்துக்கு 27,000 கோர்-மணி ஆகும். இப்படி 50 ஓட்டம் கேட்டு விண்ணப்பம் எழுதுவதும் இந்த வேலையில் சேர்த்தி.

செலவைக் குறைக்க ஒரு நல்ல வழி, புலங்களை அச்சைச் சுற்றிய கோணத்தில் ஃபூரியர் மோடுகளாகப் பிரிப்பது (ஒரு சுற்றுக்கு எத்தனை முறை அலைகிறது என்பதே மோடு எண்). எஃப்.பி.பி.ஐ.சி. என்ற நிரல் இப்படித்தான் இயங்குகிறது. ஸ்மைலியிலும் இந்த வசதி உண்டு. மேலே சொன்ன பெட்டி 1,600 × 300 கண்களாகவும் சில மோடுகளாகவும் சுருங்கும். கண்ணுக்கு 48 துகள் வைத்தாலும் 1.3 கிகாபைட்தான், ஒரே கிராஃபிக்ஸ் அட்டையில் ஓடிவிடும். எத்தனை மோடு வேண்டும் என்பதில்தான் தவறு நடக்கும். நேர்க்கோட்டுத் தளவிளைவுள்ள சாதாரண லேசருக்கு ஆரத்திசைக் கூறு கோணத்தின் கோசைனாக மாறுவதால் அது மோடு 1-இல் உட்காரும். எல் உள்ள கற்றையில் அந்தக் கோசைன் திருகுக் கட்டத்தோடு பெருக்கப்பட்டு, எல் கூட்டல் 1, எல் கழித்தல் 1 என்று இரண்டு மோடுகளாகப் பிரியும். எல் = 1 என்றால் மோடு 0, மோடு 2. ஆகவே 0, 1, 2 என மூன்று மோடாவது வேண்டும். சாதாரண லேசருக்குப் போதுமான இரண்டு மோடோடு விட்டால், கற்றையின் ஒரு பாதி சத்தமில்லாமல் காணாமல் போகும். நிரல் பிழைச்செய்தி எதுவும் தராமல் ஓடி முடிக்கும். கோணத்திசையில் துகள் எண்ணிக்கையும் அதற்கேற்ப உயர வேண்டும்: மோடு 2-க்குக் குறைந்தது 8, 12 வைத்தால் நிம்மதி.

இதிலும் ஒரு குறை உண்டு. உண்மையில் வளையக் கற்றை திறன் மிகுந்தால் தன்னைத்தானே குவித்துக்கொண்டு வளையம் நெடுக மணிமணியாக உடையும். மூன்று மோடு மட்டும் வைத்த சிமுலேஷனில் அந்த உடைப்புக்கு இடமே இல்லை. கற்றை அழகாக வளையமாகவே போகும். அந்த அழகை நிலைத்தன்மைக்குச் சான்றாக எழுதிவிடக் கூடாது. மோடுகளைக் கூட்டி, தொடக்கப் புலத்தில் சிறிது இரைச்சல் சேர்த்து, முழு முப்பரிமாண ஓட்டம் ஒன்றோடாவது ஒப்பிட்டால்தான் பேச முடியும். முழு முப்பரிமாணத்தில் எதிர்ப்பக்கச் சிக்கல்: சதுர வலை அச்சைச் சுற்றிச் சமச்சீர் இல்லாதது. வளையத்தில் நான்கு மூலைகளிலும் ஒரே மாதிரிச் செறிவு கூடினால் அது பெரும்பாலும் வலையின் வேலை. வலையை 45 பாகை திருப்புவது கடினம், ஆனால் தளவிளைவை 45 பாகை திருப்பலாம். உருவம் அதோடு திரும்பாமல் அங்கேயே நின்றால் குற்றவாளி வலைதான்.

இரண்டாவது பொறி இன்னும் நுட்பமானது. பாடநூலில் லகேர்–காஸ் கற்றைக்கு எழுதும் வாய்பாடு குறுக்குப் புலத்தை மட்டும் தரும். அதை அப்படியே பெட்டிக்குள் நிரப்பினால் ஆற்றலோட்டம் முழுக்க அச்சின் திசையிலேயே இருக்கும். கோண உந்தம் சுழி. திருகுக் கட்டத்தைக் கொடுத்திருப்பீர்கள், வளையமும் தெரியும், ஆனால் சுழற்றும் கூறு இல்லை. அந்தக் கூறு நீளவாட்டுப் புலத்திலிருந்து வருகிறது. குறுக்குப் புலம் இடத்துக்கு இடம் மாறும் வீதத்தை அலை எண்ணால் வகுத்தால் கிடைப்பது அது. பெட்டியின் விளிம்பிலிருந்து ஒளியைச் செலுத்தினால் மேக்ஸ்வெல் சமன்பாடுகளே அதை உண்டாக்கிக்கொள்ளும். பெட்டிக்குள் நேரடியாக நிரப்பினால் நீங்கள்தான் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் புலத்தின் விரிவு (டைவர்ஜன்ஸ்) சுழியாகாது. அந்தப் பிழை போலி மின்னூட்டமாகப் பெட்டிக்குள் தங்கிவிடும்.

நீளவாட்டுப் புலம் சிறியதுதானே என்று ஒதுக்கவும் முடியாது. எல் = 1, நேர்க்கோட்டுத் தளவிளைவு என்றால், வளையத்தின் நடுவில் குறுக்குப் புலம் சுழியாக இருக்கும் அதே இடத்தில் நீளவாட்டுப் புலம் உச்சம். இடுப்பு ஆரம் 10 மைக்ரோமீட்டரில் அது வளைய உச்சத்தின் 3 சதவீதம். 2 மைக்ரோமீட்டருக்கு இறுக்கினால் 15 சதவீதம். அச்சில் உள்ள எலக்ட்ரானை அது நேராக முன்னே தள்ளும். வட்டத் தளவிளைவில் கதை இன்னும் சுவையானது. தற்சுழற்சியும் திருகும் ஒரே திசை என்றால் அச்சில் நீளவாட்டுப் புலம் சுழி; எதிரெதிர் என்றால் அது நேர்க்கோட்டுத் தளவிளைவில் இருப்பதைவிடவும் பெரிது. குறி ஒன்றை மாற்றி எழுதினால் முழு இயற்பியலும் மாறும். நிரலில் கோணத்தின் குறி எந்தப் பக்கம், காலத்தின் குறி எது என்று முதல் வாரத்திலேயே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவது நல்லது.

மூன்றாவது, வலையில் ஒளியின் வேகம். வழக்கமான யீ வலையில் (1966 முதல் இருப்பது) வெற்றிடத்திலேயே ஒளி சற்று மெதுவாகப் போகும். மேலே சொன்ன 25 நானோமீட்டர் கண்ணிலும் 79 அட்டோவினாடிப் படியிலும் துடிப்பின் வேகக் குறைவு சுமார் 10,000-இல் 5 பங்கு. கன சென்டிமீட்டருக்கு 10¹⁸ எலக்ட்ரான் உள்ள பிளாஸ்மா உண்மையாகவே உண்டாக்கும் குறைவு 10,000-இல் 3 பங்குதான். அதாவது வலையின் பொய், இயற்பியலின் உண்மையைவிடப் பெரிது. முடுக்கப்பட்ட எலக்ட்ரான்கள் எப்போது லேசரை முந்தும் என்ற விடை முழுவதும் பிசகிவிடும். நீளவாட்டுக் கண்ணைச் சிறிதாக்குவது ஒரு தீர்வு. இந்த வேகப் பிழையே இல்லாத நிறமாலை முறைத் தீர்வியைப் பயன்படுத்துவது இன்னொன்று, அதைவிட நல்லது.

இவற்றையெல்லாம் ஒரே இடத்தில் பிடிப்பதற்குத்தான் கணக்கு. முதலில் பிளாஸ்மா இல்லாமல் வெற்றிடத்தில் ஓட்டி, புலங்களின் கோண உந்தத்தையும் ஆற்றலையும் தொகையிட்டு, அவற்றின் விகிதம் எல்-ஐக் கோண அதிர்வெண்ணால் வகுத்ததோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எல் = 1-க்கு 1 சதவீதத்துக்குள் வராவிட்டால் மேலே போக வேண்டாம். பிறகு பிளாஸ்மாவோடு ஓட்டி, புலத்தில் குறைந்தது எவ்வளவு, துகள்களில் கூடியது எவ்வளவு, பெட்டியை விட்டு வெளியேறியது எவ்வளவு என்று மூன்றையும் எழுதுங்கள். மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். லேசரோடு நகரும் சாளரத்தில் பின்பக்கமாக விழுந்துபோகும் துகள்கள் தம் பங்கை எடுத்துக்கொண்டுதான் போகின்றன. கணக்கில் விழும் துண்டு, நீங்கள் அறிவிக்கப்போகும் விளைவின் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்கு மேலே போனால் அது விளைவு அல்ல.

அடுத்தது ஒப்பீட்டு ஓட்டங்கள். எல் = +1, எல் = −1 இரண்டையும் மற்றவை எதையும் மாற்றாமல் ஓட்டுங்கள். திருகினால் வந்த விளைவு குறி மாற வேண்டும். மாறாமல் நிற்பது வளைய வடிவத்தால் வந்தது, திருகுக்கு அதில் பங்கில்லை. வளைய வடிவத்தைத் தனியே சோதிக்க, அதே வளையச் செறிவும் சுழிக் கோண உந்தமும் உள்ள கோணத்திசைத் தளவிளைவுக் கற்றையை (மின்புலம் அச்சைச் சுற்றிய திசையிலேயே அலைவது) ஓட்டலாம். அதில் அச்சில் நீளவாட்டு மின்புலமும் கிடையாது என்பதால் இரண்டு ஐயங்கள் ஒரே ஓட்டத்தில் தெளியும்.

ஆய்வுக்கூடக் கற்றை எதுவும் தூய லகேர்–காஸ் அல்ல என்பதையும் மாதிரியாக்குபவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். திருகுக் கட்டத்தைக் கொடுக்க எளிய வழி சுருள் தடிமன் உள்ள கண்ணாடித் தகடு. ஆனால் சுருக்கிய 200 டெராவாட் துடிப்பு 10 சென்டிமீட்டர் விட்டத்தில் 2 மில்லிமீட்டர் சிலிக்கா வழியாகப் போனால், செறிவால் ஒளிவிலகல் எண் மாறி, 10 ரேடியனுக்கு மேல் வேண்டாத கட்டம் சேர்ந்துவிடும். 1-க்கும் கீழே வைத்திருப்பதுதான் நல்லது. அதனால் பெரிய மையங்களில் சுருள் படிக்கட்டுள்ள எதிரொளிப்பு ஆடியைச் சுருக்கிக்குப் பிறகு வைக்கிறார்கள். 45 பாகையில் எல் = 1-க்குப் படியின் உயரம் 566 நானோமீட்டர். ஆடியைத் தொடர் சரிவாகச் செய்யாமல் 8 படியாகச் செய்தால் 95 சதவீத ஆற்றல் வேண்டிய எல்-க்குப் போகும். 16 படியில் 98.7. படியின் உயரம் ஒரு அலைநீளத்துக்குத்தான் பொருந்தும். 25 ஃபெம்டோவினாடித் துடிப்பின் நிறப்பரப்பில் விளிம்புக்கு விளிம்பு எல் சுமார் 0.05 மாறும். எல் = 1-இல் பொறுத்துக்கொள்ளலாம்; எல் = 10-இல் அது அரை அலகு, வளையத்தில் வெட்டுக் கோடாகவே தெரியும். இதோடு, காஸியன் கற்றையில் திருகுக் கட்டத்தை மட்டும் ஏற்றினால் ஒற்றை வளைய மோடுக்குப் போவது எல் = 1-க்கு 78.5 சதவீதம், எல் = 2-க்கு 50, எல் = 3-க்கு 29; மீதி வெளி வளையங்களாகச் சிதறும். அலைமுகத்தில் சிறு கோணல் இருந்தாலும் எல் = 2 கற்றையின் இருண்ட நடுப்புள்ளி இரண்டு எல் = 1 புள்ளிகளாகப் பிரிந்துவிடும். ஆய்வுக்கூடத்தார் அளந்த அலைமுகத்தை வாங்கி, அதைக் குவியம் வரை பரப்பி, அந்தப் புலத்தைச் சிமுலேஷனுக்குக் கொடுத்தால்தான் அவர்களுடைய அளவீட்டோடு ஒப்பிட முடியும்.

சரி, விண்ணப்பிக்கும் முன் என்ன செய்வது? ஒரு பயிற்சி சொல்கிறேன், மடிக்கணினியிலேயே முடியும். பைத்தானில் 1,024 × 1,024 வலை, 200 மைக்ரோமீட்டர் அகலம். இடுப்பு ஆரம் 10 மைக்ரோமீட்டர், 800 நானோமீட்டர், எல் = 1 புலத்தை நிரப்புங்கள். இரு பரிமாண ஃபூரியர் மாற்றம் எடுத்து, ஒவ்வொரு கோண நிறமாலைக் கூறுக்கும் அதன் கட்டத்தைப் பெருக்கித் திரும்ப மாற்றுங்கள். ரேலி நீளம் (குவியத்திலிருந்து கற்றையின் குறுக்குப் பரப்பு இரு மடங்காகும் தொலைவு) 393 மைக்ரோமீட்டர். இரண்டு ரேலி நீளம் பரப்பிய பின் செறிவு உச்சம் 15.8 மைக்ரோமீட்டர் ஆரத்தில் இருக்க வேண்டும். ஒரு ரேலி நீளத்தில் குவியக் கட்டம் (கூய் கட்டம்) காஸியனுக்கு 45 பாகை, எல் = 1-க்கு 90 பாகை கூடுதலாகத் திரும்பியிருக்க வேண்டும். 4 மில்லிமீட்டர் பரப்பிப் பாருங்கள்: கற்றை வலையின் விளிம்பைத் தாண்டி எதிர்ப்பக்கமாக நுழைந்து கோடு கோடாகக் குறுக்கிடும், அது ஏன் என்று விளக்கத் தெரிந்தால் ஃபூரியர் முறையின் எல்லை புரிந்துவிட்டது. பிறகு வளையத்தின் மேல் கோணத்தில் ஒரு ஃபூரியர் மாற்றம் எடுத்து எல்-ஐ அளந்து, 8 படித் தகட்டை வைத்து மேலே சொன்ன 95 சதவீதத்தை வரவழையுங்கள்.

அது முடிந்தால் ஒரு பரிமாண மின்னிலைப் பி.ஐ.சி. நிரல் ஒன்றை நீங்களே எழுதுங்கள். 200, 300 வரிகள்தான். பிளாஸ்மா அலைவு சரியான அதிர்வெண்ணில் வருகிறதா, டிபை நீளத்தைவிட (பிளாஸ்மாவில் ஒரு மின்னூட்டத்தின் தாக்கம் மறைக்கப்படும் தொலைவு) கண் பெரிதானால் பிளாஸ்மா தானாகச் சூடேறுகிறதா என்று பாருங்கள். அதன் பிறகு ஸ்மைலியோ எபோக்கோ நிறுவி, தரப்பட்டுள்ள எடுத்துக்காட்டுகளை ஓட்டலாம். லினக்ஸ், கிட், சூப்பர் கம்ப்யூட்டரின் ஸ்லர்ம் வரிசையில் வேலை போடுவது ஆகியவை போகப்போக வந்துவிடும். மின்னியங்கியலும் ஃபூரியரும் அப்படி வராது, அவற்றை இப்போதே உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

நேர்காணலில் வழிகாட்டியிடம் நீங்களும் கேள்வி கேட்க வேண்டும். எந்த நிரல், அதை மாற்றி எழுத மூலநிரல் கிடைக்குமா? ஆண்டுக்கு எவ்வளவு கணினி நேரம் உறுதியாக இருக்கிறது? ஒத்துழைக்கும் ஆய்வுக்கூடம் உண்டா, லேசர் நேரம் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டதா, இனிமேல்தான் கேட்கப் போகிறார்களா? லேசர் நேரத்தை நம்பி எழுதிய திட்டம் ஒரு ஆண்டு தள்ளிப்போவது சாதாரணம். அப்போது தனியே நிற்கக்கூடிய கோட்பாட்டுப் பகுதி உங்கள் ஆய்வில் இருக்கிறதா என்பது முக்கியமான கேள்வி.

பணம். பிரிட்டனில் அரசு ஆய்வு மன்ற உதவித்தொகை 2025-26 கல்வியாண்டில் குறைந்தது 20,780 பவுண்டு. அதோடு வரும் கட்டணத் தொகை உள்நாட்டு மாணவர் அளவுக்குத்தான். வெளிநாட்டவருக்கான கட்டண வித்தியாசத்தைப் பல்கலைக்கழகம் தள்ளுபடி செய்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். வெளிநாட்டு மாணவர்களை இப்படி எடுப்பதற்கு மன்றம் 30 சதவீத வரம்பு வைத்திருப்பதால் சீக்கிரம் விண்ணப்பிப்பது நல்லது. இந்தியக் குடியுரிமை உள்ளவருக்கு இயற்பியல் ஆய்வுக்கு அட்டாஸ் என்ற பாதுகாப்பு ஒப்புதல் வேண்டும். அது வாரக்கணக்கில் ஆகும், விசா அதற்குப் பிறகுதான். ஜெர்மனியில் முனைவர் ஆய்வு பெரும்பாலும் ஊதியமுள்ள வேலை, டி.வி.-எல். 13 ஊதியப் படியில் பகுதிப் பங்கு. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி முனைவர் வலையமைப்புகளில், சேரும் நாளுக்கு முந்தைய 36 மாதத்தில் அந்த நாட்டில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. இந்தியாவிலிருந்து நேரே போகிறவருக்கு இந்த விதி தடையே இல்லை.

வெளிநாடுதான் போக வேண்டும் என்றும் இல்லை. உயர்செறிவு லேசர்–பிளாஸ்மா ஆய்வு மும்பை டாட்டா அடிப்படை ஆய்வுக் கழகத்திலும் இந்தூர் ராஜா ராமண்ணா மையத்திலும் நடக்கிறது. கட்டமைத்த ஒளி அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் வலுவான துறை. இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், மூன்றாம் ஆண்டிலிருந்து 42,000, இவற்றோடு வீட்டு வாடகைப் படி.

வழிகாட்டிக்கு எழுதும் மின்னஞ்சல் சிறியதாக இருக்கட்டும். மேலே சொன்ன பரப்புதல் பயிற்சியிலிருந்து ஒரே ஒரு வரைபடம்: வளைய ஆரம், தொலைவோடு எப்படிக் கூடியது, கோட்பாட்டுக் கோடு, உங்கள் புள்ளிகள், இரண்டுக்கும் உள்ள பிழை. நிரலுக்கு ஒரு இணைப்பு. அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றில் மேலே சொன்ன ஏதாவது ஒரு கேள்விக்கு விடை இல்லாமல் இருந்தால் (எத்தனை மோடு வைத்தார்கள், எதைச் சமமாக வைத்து ஒப்பிட்டார்கள்) அதைப் பணிவாக ஒரு வரியில் கேளுங்கள்.